மோர் பூசிய ஏழு கற்கள்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். ஒரு வரியில் தொடங்கிய கதை அடுத்த வரியில் எங்கேயோ போய் நிற்கும். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. போன கிழமை மூக்குக்கண்ணாடியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடினேன். ஆகவே இதை வாசிக்கிறவர்கள் என்னுடைய எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தக் கற்களை நான் மறக்கவில்லை. எது எங்கே நின்றது, எது எதை மறைத்தது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். அதை நினைத்தால் இந்த வயதிலும் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது.

எண்பத்தைந்தோ எண்பத்தாறோ, சரியாகத் தெரியவில்லை. டென்மார்க்குக்கு வந்து விசா கிடைத்து, கிரின்ஸ்டெட்டில் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். நானும் என்னுடைய அவரும் டேனிஷ் படிக்கப் போனோம். அவர் பிழை பிழையாக எல்லாம் கதைப்பார். எனக்கு வாய் திறவாது. ஆசிரியை பெயரைக் கேட்டால்கூட மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கூச்சம் என்றால் அப்படி ஒரு கூச்சம். மூன்று மாதம் பார்த்துவிட்டு அந்த ஆசிரியை, இவளை மேசைக்கு முன்னால் இருத்தி வைத்துப் பயனில்லை, எங்கேயாவது வேலை பழக விடுவோம் என்று முடிவு செய்தார். அதை இங்கே பிராக்டிக் என்பார்கள்.

பிராக்டிக் கடிதத்தை என்னுடைய அவர்தான் வாசித்துச் சொன்னார். ஊருக்கு வெளியே ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடம். அதைச் சில டேனிஷ்காரர்கள் வாங்கி, கண்ணை மூடித் தியானம் இருக்கிற இடமாக்கியிருக்கிறார்கள். அதன் முற்றத்தில் ஜப்பான் கோயில்களில் இருப்பது போல ஒரு தோட்டம் போடுகிறார்கள். நான் மண்டபத்தைக் கூட்டித் துடைத்து, தோட்டம் போடுகிறவருக்கும் கைக்கு உதவ வேண்டும். இதுவரைக்கும் உற்சாகமாக வாசித்தவர் அடுத்த வரியில் நின்றுவிட்டார். கடிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"புத்த கோயிலாம்," என்றார்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ச் சந்திக்கு முதலில் இராணுவ முகாம் வந்தது. பிறகு முகாமுக்குப் பக்கத்தில் அரசமரத்தடியில் ஒரு புத்தர் சிலை வந்தது. அந்தச் சந்தியைக் கடக்கிற ஒவ்வொரு முறையும் சைக்கிளை விட்டு இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு உருட்டித்தான் போக வேண்டும். நான் அந்தச் சிலையின் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்தது அதன் கீழே நின்ற ஆமிக்காரரின் சப்பாத்துக்களைத்தான்.

"நாங்கள் ஓடி வந்ததே உதுக்குத்தானே. இஞ்சையும் போய் அவைக்குக் கோயில் கட்டிக் குடுக்கப் போறீரோ?" என்று கேட்டார்.

ஒருநாள் போய்ப் பார்க்கிறேன், சிலை இருந்தால் திரும்பி வந்துவிடுகிறேன் என்று சொன்னேன். எனக்கும் பயம்தான். ஆனால் அந்த டேனிஷ் மேசைக்கு முன்னால் இருப்பதைவிட எதுவும் மேல் என்று பட்டது.

சைக்கிளில் போனேன். நல்லகாலம், யாழ்ப்பாணத்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓடுவதை யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. சேலைக்கு மேல் ஒரு தடித்த ஜாக்கெட், தலையில் கம்பளித் தொப்பி. எதிர்க்காற்றில் போய்ச் சேரும்போது மூக்கு என்னுடையதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

தோட்டம் போடுகிறவர் ஒரு பெண். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூட. ஜப்பானில் இரண்டு வருடம் தோட்ட வேலை பழகியவராம். நல்ல உயரம், தலைமுடி வெள்ளை, கை இரண்டும் மண். இங்கே எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு மூத்தவரைப் பெயர் சொல்ல வாய் வருமா? ஆகவே நான் அவரைக் கூப்பிடவே இல்லை. மனதுக்குள் மட்டும் தோட்டத்து அக்கா என்று வைத்துக்கொண்டேன்.

முதல் வேலையாக முற்றம் முழுக்க என் கண் சிலையைத் தேடியது. மேற்கே பள்ளிக்கூடக் கட்டடம். வடக்கே பழைய செங்கல் களஞ்சியம். தெற்கே இடுப்பளவு வேலி, அதற்கு அப்பால் வயல்வெளியும் வானமும். நடுவில் சாம்பல் நிறச் சிறுகல் பரப்பியிருந்தது. சிலை இல்லை. நான் தேடுவதை அவர் கண்டுவிட்டார். என்ன தேடுகிறாய் என்று சைகையால் கேட்டார். நான் சம்மணம் போட்டு இருக்கிற மாதிரிக் கையை வைத்துக் காட்டினேன். அவர் சிரித்து, வெறும் சிறுகல்லை நோக்கி இரண்டு கையையும் விரித்தார். ஒன்றும் இல்லை, அதுதான் விஷயம் என்கிற மாதிரி. எனக்கு அவ்வளவு நிம்மதி.

பிறகு என்னைச் சமையல் செய்கிற குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கேதான் எனக்குப் பித்துப் பிடித்தது என்று சொல்ல வேண்டும். மேசையில், கேக் வேகவைக்கிற பெரிய தட்டு நிறையக் கல்லுப்பு. உப்பில் ஏழு கூழாங்கற்கள். பக்கத்தில் ஒரு முள்ளுக்கரண்டி. அதுதான் தோட்டத்தின் மாதிரி. உப்புத்தான் கடல், கற்கள் தீவுகள். முள்ளுக்கரண்டியால் உப்பில் கோடு இழுத்தால் அலை. ஒரு மாதமாக அவர் அந்த ஏழு கல்லையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். முற்றத்தின் தெற்குக் கரையில் ஒரு பலகைத் தளம் வரும், ஆட்கள் அதில் இருந்து களஞ்சியத்துச் சுவர்ப் பக்கம் பார்ப்பார்கள். அந்தத் தளத்தில் எங்கே இருந்தாலும் ஆறு கல்தான் கண்ணில் படவேண்டும். ஒன்று எப்போதும் மறைந்திருக்க வேண்டும். அவர் ஆறு விரலைக் காட்டி, ஏழாவதை மடக்கி நெஞ்சில் வைத்தார்.

காணாத ஒன்றை மனதால் காண வேண்டும் என்றாரோ, எல்லாவற்றையும் கண்டுவிட்டேன் என்று ஒருவரும் எண்ணக்கூடாது என்றாரோ, எனக்குத் தெரியாது. எது என்றாலும் எனக்கு அது பிடித்துக்கொண்டது.

இரண்டாவது கிழமை, அவர் தொலைபேசிக்குப் போன நேரத்தில், தட்டுக்கு முன்னால் தனியே நின்றேன். ஒரு கூழாங்கல் மற்றதற்கு நேர் எதிரே, சண்டைக்கு நிற்கிற மாதிரி நின்றது. பார்க்கப் பொறுக்கவில்லை. விரலால் அதை ஒரு நெல்மணி அளவு தள்ளினேன். அவர் வந்து பார்த்தார். குனிந்து, தட்டின் உயரத்துக்குக் கண்ணை வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டேன். அவர் பென்சிலை எடுத்து, நான் தள்ளிய இடத்தைச் சுற்றித் தன் படத்தில் வட்டம் போட்டார். அன்று சைக்கிளில் வீட்டுக்கு வந்தேனா பறந்து வந்தேனா தெரியாது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு புதினம். உழவு இயந்திரத்தில் பெரிய கற்கள் ஏழும் வந்து இறங்கின. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு முகம் இருக்கிறது என்று சொல்லி, ஏழு முகத்தையும் தெற்கே பலகைத் தளத்தைப் பார்க்க நிறுத்தினார். சிறுகல்லில் கோடு இழுக்க மரப்பல்லு வைத்த வாரி ஒன்று வைத்திருந்தார். இழுத்துக்கொண்டு முன்னுக்கு நடந்து, தன் காலடியைப் பார்த்துத் தானே பெருமூச்சு விடுவார். நான் வாரியை வாங்கி, முற்றம் கூட்டுகிற மாதிரிப் பின்னுக்கு நடந்து இழுத்துக் காட்டினேன். கால் பட்ட இடத்தைக் கோடு வந்து மூடிவிடும். கற்களைச் சுற்றி, விளக்குமாறு போகிற போக்கில் வளைத்துவிட்டேன். அதையும் படத்தில் குறித்துக்கொண்டார். எங்கள் வீட்டு முற்றம் கூட்டுவதைப் பென்சிலால் படம் போட்டு வைக்க ஒரு வெள்ளைக்கார மனுசி இருப்பார் என்று யார் கண்டது.

இனித்தான் என் பிழை வருகிறது.

சித்திரை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, தோட்டத்து அக்கா கடையிலிருந்து பால் பெட்டிகள் கொண்டு வந்தார். திறந்து மணந்து பார்த்தேன். புளிப்பு. கேர்னமெல்க் என்று இங்கே விற்கிற தடித்த மோர். அதை வாளியில் ஊற்றி, ஒரு தூரிகையால், வாய் பேசாமல், கல்லின் உச்சியில் இருந்து கீழே மெல்ல மெல்லப் பூசினார். முன்பக்கம் பூசி, சிறுகல்லில் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நடந்து பின்பக்கமும் பூசினார். முகம் அப்படியே சாந்தமாக இருந்தது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நிற்கிற கல்லுக்குப் பாலும் தயிரும் ஊற்றினால் அது என்ன? எங்கள் சாதி சனத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். நான் என்னை அறியாமல் கை கூப்பினேன். அவர் திரும்பிப் பார்த்தார். தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, அவரும் இரண்டு கையையும் கூப்பி எனக்குக் குனிந்தார். ஜப்பானில் பழகிய வழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த நேரம் எனக்கு அது அபிஷேகம் என்பதில் கடுகளவும் சந்தேகம் இருக்கவில்லை. போதாததற்கு, அவர் கடைக்குப் போய் வருகிற நாட்கள் செவ்வாயும் வெள்ளியும். அந்த இரண்டு நாளும்தான் பூசுவார். வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

வீட்டுக்கு ஓடி வந்து என்னுடைய அவரிடம் சொன்னேன். அது சந்தியில் இருந்த மாதிரிப் புத்த கோயில் இல்லை, அந்த அக்கா கல்லுக்கு மோர் அபிஷேகம் செய்கிறா, அதுவும் செவ்வாய் வெள்ளியில் என்றேன்.

அவர் பாதிச் சோற்றில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "வெள்ளைக்காரி அபிஷேகம் செய்யிறாவோ? உமக்குக் குளிர் மண்டைக்கு ஏறிட்டுது," என்றார். ஆனால் அதன் பிறகு போகாதே என்று சொல்லவில்லை.

ஒரு குறை மட்டும் எனக்குப் பட்டது. அபிஷேகம் செய்தால் பிறகு நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, ஒரு பூவாவது வைக்க வேண்டும். இவர் மோரைப் பூசிவிட்டு அப்படியே போய்விடுகிறார். சுவாமியை மோர் நாற்றத்தோடு காயவிடலாமா? பாவம், முறை தெரியாது, சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்று நினைத்தேன். செவ்வாயும் வெள்ளியும் இரண்டு மணிக்கு அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். நான் நான்கு மணி வரை நிற்பேன். மண்டபம் துடைத்து முடிந்ததும் புதுத் தண்ணீர் ஒரு வாளி, புதுத் துணி ஒன்று. கற்களை ஒட்டிப் போகிற தெற்குப் பக்க நடைபாதையில் நின்று எட்டி, ஏழு கல்லையும் கழுவித் துடைத்து, ஒரு மஞ்சள் பூவை உச்சியில் வைத்துவிட்டு வருவேன். வரி இழுத்த சிறுகல்லில் மட்டும் கால் வைக்கமாட்டேன். வைத்தால் அடையாளம் விழும். ஆகவே பின்பக்கம் எனக்கு எட்டாது.

பூக்களை அவர் கண்டார். எடுக்கவில்லை. எனக்குக் கை கூப்பினார். நானும் கூப்பினேன். இப்படியே இருவரும் மாறி மாறிக் கை கூப்பிக்கொண்டு, அவர் பூசவும் நான் கழுவவும், மூன்று மாதம் போய்விட்டது.

ஆடி மாதத்தில் ஒருநாள் அவர் பலகைத் தளத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். மடியில் ஒரு ஜப்பான் புத்தகம். என்னைப் பக்கத்தில் இருத்தி ஒரு படத்தைக் காட்டினார். ஒரு கல், பச்சை வெல்வெட் போர்த்தியது போல முழுக்கப் பாசி. பிறகு மோர்ப் பெட்டியைக் காட்டினார், படத்தைக் காட்டினார். மீண்டும் மோர், மீண்டும் பாசி. பிறகு எங்கள் கற்களைக் காட்டி, கையை விரித்தார். கல் மொட்டையாக, பளபளவென்று நின்றது.

நான் என் இரண்டு கையையும் பார்த்தேன்.

எங்கள் ஊரில் பாசி என்றால் கிணற்றடியில் வழுக்கி விழுத்துகிற சனியன், தேங்காய்ப் பொச்சால் உரஞ்சித் தள்ள வேண்டியது. அதற்கு மோர் ஊட்டி வளர்க்கிற ஆளும் உலகத்தில் இருக்கும் என்று நான் எப்படி நினைப்பேன்? மோரைக் குடித்துத்தான் பாசி கல்லில் பிடிக்குமாம். நான்தான் கிழமைக்கு இரண்டு முறை அதைத் துடைத்து எறிந்திருக்கிறேன்.

அவர் மெல்ல மெல்லச் சொன்னதில் மற்றதும் விளங்கியது. புரட்டாதியில் ஜப்பானிலிருந்து ஒரு குரு வருகிறார். இந்த இடத்தையும் தோட்டத்தையும் பார்த்து, பிடித்தால்தான் இதற்குக் கோயில் என்று பெயர் கொடுப்பார், தன் சீடர் ஒருவரை இங்கே விடுவார். பிடிக்காவிட்டால் பெயர் இல்லை. இடத்தை வாங்கிய சங்கத்துக்காரர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே முற்றத்துக்குத் தார் போட்டுக் கார் விடலாம் என்று நிற்கிறார்கள். வயதான கல் வேண்டும், நேற்றுக் கொண்டு வந்து வைத்த கல் மாதிரி இருக்கக்கூடாது. அதற்குத்தான் பாசி. இன்னும் ஏழு கிழமைதான்.

வீட்டில் அழுதேன். என்னுடைய அவர் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார், பிறகு முகத்தை மாற்றினார். இதைச் சொன்னால் கொமூனுக்கு, அதுதான் நகரசபைக்கு, எழுதிவிடுவார்கள், இவர்கள் வேலையைக் கெடுக்கிற ஆட்கள் என்று பெயர் வரும், மற்றத் தமிழ் ஆட்களுக்கும் பிராக்டிக் கொடுக்கமாட்டார்கள் என்றார்.

"நீர் வாயைத் திறவாதையும். வேறை நாளையிலை உமக்கு அது வலு சுகமாய் வரும்தானே."

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. தோட்டத்து அக்கா மறுபடியும் தூரிகையோடு குனிந்து முதலாவது கல்லுக்கு மோர் பூசினார். அவருடைய முதுகைப் பார்த்தேன். மூன்று மாதம் அந்த முதுகு இப்படி வளைந்தது சும்மா என்று எனக்கு மட்டும்தானே தெரியும். என்னால் நிற்க முடியவில்லை. சொல்ல டேனிஷ் இல்லை. உள்ளே போய் என் வாளியையும் துணியையும் கொண்டு வந்தேன். அவர் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பூசிய ஈரம் காயமுன், அந்தக் கல்லை உச்சியில் இருந்து அடி வரை கழுவினேன். துடைத்தேன். பூ வைத்தேன். கை கூப்பினேன். பிறகு மற்ற ஆறு கல்லையும் ஒவ்வொன்றாக விரலால் காட்டி, என் நெஞ்சைத் தொட்டேன். நான்தான், எல்லாம் நான்தான்.

அவர் முகம் சிவந்தது. தூரிகையை வாளிக்குள் போட்டுவிட்டுக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் முற்றத்தில் தனியே நின்றேன். இனி நாளைக்கு வரமுடியாது, இந்தக் கற்களையும் காணமுடியாது என்று நினைத்ததும் எனக்கு ஒரு துணிவு வந்தது. போகிற கழுதைக்குக் காலடி என்ன, வரி என்ன. முதல்முறையாக வாரி இல்லாமல் சிறுகல்லுக்குள் கால் வைத்தேன். கோடெல்லாம் கலைய நடந்து, கற்களுக்குப் பின்னால் போய்த் திரும்பினேன்.

பச்சை.

ஏழு கல்லின் முதுகிலும் பச்சை. நான் கழுவாத பக்கம், வடக்குப் பக்கம், வெயில் படாத பக்கம். கடைசிக் கல்லில் விரலால் தொட்டேன். கோழிக்குஞ்சின் முதுகு மாதிரி இருந்தது. பலகையில் அவசரமாக நடந்து பூசிப் போகிறவர் அந்தப் பக்கத்தை உற்றுப் பார்க்கவே இல்லை. அவர் கண் முழுக்க முகப்பக்கத்தில், வாரி இழுக்கிற என் கண் முழுக்கக் கோட்டில்.

ஓடிப்போய்க் குசினிக் கதவைத் தட்டினேன். திறந்தவரின் கையைப் பிடித்து, ஆம், நான்தான், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். களஞ்சியத்துச் சுவரடியில், கூரை இறவாரத்துக்குக் கீழே ஒரு பெட்டி கிடந்தது. அதைக் காட்டினேன்.

"சித் ஹேர்," என்றேன். இங்கே இருங்கோ என்று அர்த்தம். இந்த நாட்டு ஆள் ஒருவரிடம் நான் வாய் திறந்து சொன்ன முதல் வசனம் அதுதான்.

அவர் இருந்தார். பார்த்தார். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அங்கேயிருந்து பார்த்தால் ஏழு பச்சை முதுகு, அதற்கு அப்பால் சிறுகல், வேலி, வயல், அதற்கு மேல் டென்மார்க்கின் முழு வானமும். இதுவரை செங்கல் சுவரைப் பார்க்க வைத்திருந்த தோட்டம் இது. கல்லைத் திருப்ப முடியாது, அதற்கு உழவு இயந்திரம் வேண்டும், திருப்பினால் பாசியும் செத்துவிடும். ஆனால் பலகைத் தளத்தைக் கழற்றி இந்தப் பக்கம் கொண்டுவரலாம்.

அப்போதுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. ஒரு கல் மறைய வேண்டும்.

எண்ணினோம். அவர் டேனிஷில், நான் தமிழில். ஏழு. பெட்டியை ஒரு முழம் தள்ளி இருந்தோம். ஏழு. இன்னும் ஒரு முழம். ஏழு. களஞ்சியத்துக் கதவடிக்கு வந்தபோது, பெரிய கல்லின் தோளுக்குப் பின்னால் சின்னன் ஒன்று மெல்ல ஒளிந்தது. ஆறு. இன்னும் தள்ளினோம். அந்தச் சின்னன் வெளியே வந்தது, வேறொன்று ஒளிந்தது. ஆறு. கதவடியில் இருந்து மூலை வரைக்கும் ஆறு, ஆறு, ஆறு. பெட்டியை விட்டு எழும்பி அவர் என்னைக் கட்டிப்பிடித்தார். அவருடைய ஜாக்கெட் முழுக்கப் புளித்த மோர் மணம். அதன் பிறகுதான் சிரித்தார். சிரித்துச் சிரித்து, நான் கழுவுகிற மாதிரி நடித்துக் காட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அடுத்த ஏழு கிழமையும் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. பலகைகளைக் கழற்றினோம், கதவடியில் இருந்து மூலை வரைக்கும் புதிதாகத் தளம் போட்டோம். நான் ஆணி பிடிக்க அவர் அடித்தார், பிறகு அவர் பிடிக்க நான் அடித்தேன். வரிகளை எல்லாம் இந்தப் பக்கத்துக்காக மாற்றி இழுத்தேன். கழுவுவதை நிறுத்தினேன். ஆனாலும் முகப்பக்கம் அதற்குள் பச்சை பிடிக்கவில்லை.

குரு வந்த நாள் மழை தூறியது. அதுவும் நல்லதாகப் போயிற்று, ஈரத்தில் பாசி பொங்கி நின்றது. குரு சின்ன மனிதர், நல்ல தடிமன் பிடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இறவாரத்துக்குக் கீழே வந்து இருந்தார். எத்தனை நேரம் என்று சொல்லமாட்டேன், எனக்கு அது ஒரு வருடம்.

குரு எழும்பி நடைபாதையால் சுற்றி, தெற்குப் பக்கம் போனார். அங்கே கல்லின் முகம் ஏழும் மொட்டை. என் உயிர் போய்விட்டது. அவர் ஒரு கல்லைத் தடவிப் பார்த்து, ஏன் இந்தப் பக்கம் இப்படி என்று இங்கிலீசில் கேட்டார். தோட்டத்து அக்கா மறைக்கவில்லை. என்னைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார். மோர், செவ்வாய், வெள்ளி, வாளி, பூ எல்லாம். குரு என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். அக்கா அதை எனக்கு விளங்கும்படி திருப்பிச் சொன்னார். சுடுதண்ணீரா, பச்சைத் தண்ணீரா?

அவ்வளவு தூரம் வந்தவர் கேட்ட கேள்வி அது.

"பச்சைத் தண்ணிதான் ஐயா," என்றேன், தமிழிலேயே. ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆகவே ஓடிப்போய் வாளியில் தண்ணீர் எடுத்து வந்தேன். அவர் அதில் விரலை வைத்துப் பார்த்து, குளிரில் உதறினார். பிறகு சிரித்தார். தும்மினார். இந்தப் பக்கம் இவர் கழுவட்டும், அந்தப் பச்சைப் பக்கத்தை ஒருவரும் தொடவேண்டாம், தோட்டம் அப்படியே இருக்கட்டும் என்றார். கோயில் என்ற பெயரை அன்றே எழுதிக் கொடுத்தார். தோட்டத்து அக்கா களஞ்சியத்துக்குப் பின்னால் போய் நின்று அழுததை நான் மட்டும்தான் கண்டேன்.

என்னுடைய அவர் வாசல் படலைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வரமாட்டேன் என்று சொல்லித்தான் வந்தவர். மழை பலக்கவே இறவாரத்துக்குக் கீழே வந்து ஒதுங்கினார். பிறகு தளத்தில் இருந்தார். விரலால் கற்களை எண்ணினார்.

"ஏழு எண்டுதானே சொன்னீர். ஒண்டைக் காணேல்லை," என்றார்.

"ஓம். அது அப்பிடித்தான்," என்றேன்.

அவர் கழுத்தை நீட்டி நீட்டித் தேடினார். எனக்கு அவ்வளவு சந்தோசம், சொல்ல முடியாது.

அதன் பிறகும் செவ்வாயும் வெள்ளியும் போய்த் தெற்குப் பக்கத்தைக் கழுவினேன். அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ அவருக்கு இக்காஸ்டில் துணி ஆலையில் வேலை கிடைத்து அங்கே மாறிவிட்டோம். எனக்கும் அங்கேயே வேலை கிடைத்தது, பிள்ளைகள் பிறந்தார்கள். வாளியையும் துணியையும் தோட்டத்து அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் இப்போது இல்லை என்று கேள்விப்பட்டேன்.

இதை எழுதி முடித்துப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வருகிறது. ஒளிந்தது முதலில் சின்னக் கல்லா, சரிந்த கல்லா? குரு வந்தது புரட்டாதியா, ஐப்பசியா? தளம் வடக்கில்தான் என்பது நிச்சயம், ஆனால் கதவடியில் இருந்து எத்தனை முழம் என்று மறந்துவிட்டேன். அந்தப் பக்கம் கார் ஓடிப் போகிற பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், ஒருமுறை இறங்கிப் போய்ப் பாருங்கள். தளத்தில் இருந்து எண்ணுங்கள், ஆறா ஏழா என்று. பிறகு நடைபாதையால் சுற்றித் தெற்குப் பக்கம் போய், கல்லின் முகத்தைத் தடவிப் பாருங்கள். இன்னும் யாராவது கழுவுகிறார்களா, அல்லது பாசி பிடித்துவிட்டதா? எது என்றாலும் எனக்குச் சொல்லுங்கள். நான் பிழையாக எழுதியதைத் திருத்திவிடுகிறேன்.